ஈசான் கிராமத்தில் வீடு கட்டலாமா?

தாய்லாந்தின் வடகிழக்கே கோராட் மேட்டுநிலத்தில் விரிந்து கிடக்கும் 20 மாகாணங்களை ஈசான் என்கிறார்கள். நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வாழும் பகுதி இது. வானம் பார்த்த நெல்வயல், பல இடங்களில் உவர் ஏறிய மண், பிழைப்புத் தேடி பாங்காக் போய்விடும் இளையோர் என்பதுதான் இங்கே ஊர்நிலை. கடற்கரை கிடையாது, சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப் பார்ப்பதும் இல்லை. இருந்தும் உடோன் தானி, கோன் கென், புரிராம், ரோய் எட் மாகாணங்களின் உள்கிராமங்களில் பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த ஆண்கள் முதுமையில் வீடு கட்டிக் குடியேறுகிறார்கள். வியட்நாம் போர்க்காலத்தில் உடோன், உபோன், நகோன் பனோம், கோராட் ஆகிய ஊர்களில் அமெரிக்க விமானப்படை முகாமிட்டிருந்தபோதே இங்கே கலப்புத் திருமணங்கள் நடந்தன. இப்போது வருபவர்களில் பலர் ஓய்வூதியர்கள். இவ்வூர்ப் பெண்களை மணந்தவர்கள். மாதச் செலவுக்குக் கொஞ்சம் போதும், மிச்சப் பணத்தில் வீடு கட்டிவிடலாம் என்ற கணக்கில்தான் அநேகமாக முடிவு எடுக்கப்படுகிறது. அங்கே போய் வாழ்வது நல்ல முடிவாகவே அமையலாம். ஆனால் போன கையோடு வாழ்நாள் சேமிப்பை மண்ணில் போட்டு வீடு எழுப்பும் வழக்கம் தவறானது என்பது என் கருத்து. என்றாவது கிளம்ப வேண்டி வந்தால் கிளம்ப முடியுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மாதச் செலவு அதற்குப் பிறகு வரட்டும்.

இந்த வாழ்க்கையின் பலத்தை மலிவு என்ற ஒரே சொல்லில் அடக்குபவர்கள் அதன் அருமையைக் குறைத்துவிடுகிறார்கள். ஈசான் மரபில் திருமணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். மூத்த பெண்கள் ஒவ்வொருவராகத் தனிக்குடித்தனம் போக, கடைசி மகள் பெற்றோருடன் தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்வாள். வீடும் அவளுக்கே சேரும். ஆகவே அந்நிய ஆண் அந்த ஊரில் புதிதாக ஓரிடத்தைத் தேட வேண்டியதில்லை. வீட்டோடு மாப்பிள்ளைக்கான இடம் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஐரோப்பிய நகரமொன்றின் அடுக்குமாடியில் தனியாக மூப்படையும் மனிதருக்கு, எந்நேரமும் ஆள் நடமாடும் முற்றமும், காய்ச்சல் என்றால் எட்டிப் பார்க்கும் மைத்துனியும், சைக்கிளில் வந்து ரத்த அழுத்தம் பார்த்துப் போகும் கிராமச் சுகாதாரத் தன்னார்வலரும் எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனால் அந்த இடத்தோடு கடமையும் சேர்ந்தே வருகிறது. பெற்றோருக்கு மகள் பட்ட கடனை அங்கே வாழ்நாள் முழுக்க அடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். மாமனார் வீட்டுக் கூரை ஒழுகினாலும், மச்சானின் பிக்கப் வண்டிக்குத் தவணை நின்றாலும் கண்கள் மாப்பிள்ளை பக்கம்தான் திரும்பும். உடோன் தானி கிராமமொன்றை ஆராய்ந்து கோன் கென் பல்கலைக்கழக மானிடவியலாளர் பட்சரின் லபானுன் 2019இல் வெளியிட்ட நூல், அன்பு, பணம், கடமை மூன்றையும் தலைப்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. மூன்றையும் பிரித்துப் பார்ப்பவருக்கு இந்தத் திருமணங்கள் புரியாது என்றே நானும் நினைக்கிறேன். என்னிடம் பணம் கறக்கிறார்கள் என்று குமுறுபவர், தாம் எந்த இடத்தில் வந்து அமர்ந்தோம் என்பதை விசாரிக்காமலேயே வந்தவர்.

நிலப்பதிவு அலுவலகத்தில் நடப்பதைக் கவனித்தால் சிக்கல் எங்கே என்பது விளங்கும். 1954ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் சாதாரணமாக நிலம் வைத்துக்கொள்ள முடியாது. மனைவி பெயரில் வாங்கலாம். அந்தப் பதிவு நாளில் கணவரும் உடன் சென்று, இந்த மனைக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் மனைவியின் தனிச்சொத்து, எனக்கு இதில் பாத்தியதை இல்லை என்று எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டும். உண்மையில் அது அவருடைய முப்பதாண்டு உழைப்பின் சேமிப்பாக இருக்கலாம். திருமணம் முறிந்தால் கூட்டுச்சொத்து இரண்டாகப் பிரியும். இந்த மனை அந்தக் கணக்கில் வராது. மனைவி முதலில் இறந்து மனை அவருக்கு வாரிசுரிமையாக வந்தாலும், அதை அவர் தம் பெயரில் நிலைத்து வைத்துக்கொள்ள நடைமுறையில் வழியில்லை. 180 நாளுக்குக் குறையாமல், ஓராண்டுக்கு மிகாமல் தரப்படும் கெடுவுக்குள் விற்றுவிட வேண்டும். போதாக்குறைக்கு, கிராமங்களில் சனோட் எனப்படும் முழுப்பட்டா எல்லா நிலத்துக்கும் இல்லை. நிலச் சீர்திருத்தத்தின்கீழ் உழவர்களுக்கு அரசு கொடுத்த சோ போ கோ நிலங்கள் அங்கே ஏராளம். அவை விவசாயத்துக்கென்று தரப்பட்டவை. வாரிசுக்குப் போகலாம், சந்தையில் விற்க முடியாது. அத்தகைய நிலத்தில், வயலை லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி, ஒரு மழைக்காலம் மண் இறுக விட்டு, சுற்றுச்சுவர் எழுப்பிக் கட்டிய மூன்று படுக்கையறை வீட்டை யாருக்கு விற்பது? பட்டா நிலமே ஆனாலும், ஊர்க்காரர்கள் வாங்கும் விலையில் அந்த வீடு இருக்காது. வெளியூர்க்காரர் அங்கே வந்து வாங்கவும் மாட்டார்.

இதற்கெல்லாம் சட்டத்திலேயே மாற்று உண்டே என்பார்கள். உண்டுதான். நிலம் மனைவியுடையதாக இருக்க, வீட்டை மட்டும் தம் உடைமையாகப் பதிந்துகொள்ளலாம். 30 ஆண்டுக் குத்தகை எழுதலாம். ஆயுள் முழுதும் அனுபவிக்கும் உரிமையைப் பட்டாவின் பின்புறம் ஏற்றலாம். மனைவி இறந்த பிறகு உறவினர் வெளியேற்றாமல் காக்கும் என்பதால் கடைசியாகச் சொன்னது உண்மையிலேயே மதிப்புள்ளது. ஆனால் தாய்லாந்து உரிமையியல் சட்டத்தின் 1469ஆம் பிரிவைப் பலர் படிப்பதில்லை. திருமண வாழ்வின்போது கணவனும் மனைவியும் தங்களுக்குள் செய்துகொண்ட சொத்து ஒப்பந்தத்தை, இருவரில் எவரும் மணவாழ்வு நீடிக்கும்வரையிலோ அது முடிந்த ஓராண்டுக்குள்ளோ ரத்து செய்யலாம் என்கிறது அது. உறவு கசக்கும்போதுதான் ஒப்பந்தத்தின் துணை தேவைப்படும். அப்போதுதான் அதை ரத்து செய்யும் எண்ணமும் எழும். பெயருக்குத் தாய்லாந்துப் பங்குதாரர்களை வைத்து நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் நிலம் வாங்குவதோ வெளிப்படையான சட்டமீறல்.

மலிவு என்ற கணக்குக்கு வருவோம். ஓய்வூதியர் என்ற பெயரில் ஆண்டுதோறும் தங்கும் அனுமதியை நீட்டிக்க, 50 வயது நிறைந்தவர் வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். தாய்லாந்துப் பெண்ணின் கணவர் என்ற முறையில் கேட்டால் 4 லட்சம் அல்லது மாதம் 40,000. மாதம் 1,000 பவுண்டு ஓய்வூதியம் பெறும் ஆங்கிலேயர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் ஒரு பவுண்டுக்கு 65 பாட்டுக்கு மேல் கிடைத்தது. அவர் முதல் தகுதியையே எட்டிவிடுவார். 2019 ஆகஸ்டில் அதே பவுண்டுக்கு 40 பாட்கூடக் கிடைக்கவில்லை. இரண்டாம் தகுதிக்கும் அவர் வருமானம் போதாது. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி மட்டும் ஏறியது. தாய்லாந்தில் வசிப்பவருக்கு பிரிட்டன் தன் அரசு ஓய்வூதியத்தை ஆண்டுக்காண்டு உயர்த்துவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 2019 முதல், அவர் வருமானத்துக்குச் சான்றுக் கடிதம் தருவதை பிரிட்டிஷ் தூதரகமும் நிறுத்திக்கொண்டது. 2024 தொடக்கத்திலிருந்து, ஆண்டில் 180 நாள் தங்குபவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு வரிவிதிப்பும் கடுமையாகியிருக்கிறது. ஒவ்வொரு விதிமாற்றத்தையும் தனித்தனியே சமாளிக்கலாம். இருபது ஆண்டு வாழப் போகிற ஊரில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, கையில் எடுக்க முடிகிற பணம் இருப்பவர் தாக்குப்பிடிப்பார். சேமிப்பு முழுவதையும் சுவராக்கியவர் திணறுவார்.

இதைவிடக் கனமானது உடல்நலம். 2002இன் தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தால் கிராமத்து ஏழைக்கும் கிட்டத்தட்ட இலவசச் சிகிச்சை கிடைக்கிறது. உலகமே பாராட்டும் ஏற்பாடு அது. வெளிநாட்டு மாப்பிள்ளை அதில் சேரமாட்டார். அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டண அடுக்கு உண்டு. தனியார் காப்பீட்டின் பிரீமியம் வயதோடு ஏறும். முதுமை முற்றியபின் புதிதாகச் சேர்க்கவும் நிறுவனங்கள் தயங்கும். அமெரிக்கரின் மெடிகேர் பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. பக்கவாதம் வந்தால் மாவட்டத் தலைநகரின் சிறு மருத்துவமனையிலிருந்து கோன் கென் போன்ற நகருக்குக் கொண்டுபோக வேண்டும். கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் வயல் எரிப்பின் புகை மாகாணங்களையே மூடும்; நுரையீரல் பலவீனமானவர் ஒரு பிப்ரவரியையாவது அங்கே கழித்துப் பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவு தடைகளும் அநீதியல்லவா என்ற மனக்குறை குடியேறியவர்களிடையே பரவலாக உண்டு. இதில் நான் தாய்லாந்தின் பக்கம் நிற்கிறேன். பவுண்டும் டாலரும் தடையின்றி நிலம் வாங்க அனுமதித்தால் ஈசானின் சிறு உழவர் எந்த விலைக்கு எதிராகப் போட்டியிடுவார்? சட்டத்தில் அநீதி இருந்ததென்றால் அது பெண்ணுக்கு இழைக்கப்பட்டது: வெளிநாட்டவரை மணந்த தாய்லாந்துப் பெண் நிலம் வாங்கவே 1999 வரை தடை இருந்தது. இன்னொரு மறுப்பு, அன்புள்ள இடத்தில் இத்தனை கணக்கு எதற்கு என்பது. நல்ல மணவாழ்வு வாழ்பவர்கள் அங்கே நிறையப் பேர். அவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் உறவு முறிவதைவிட மரணமே அதிகம் யோசிக்க வேண்டியது, அது நல்ல தம்பதியருக்கும் வரும். மனைவி முந்திக்கொண்டால் நிலத்துக்கும், தங்கும் அனுமதிக்கும், மொழிக்கும், மருத்துவமனையில் கையெழுத்துக்கும் கணவர் நம்பியிருந்த ஒரே ஆள் போய்விடுகிறார். எல்லாப் பாரத்தையும் ஒரே தூணில் ஏற்றுவது அந்தத் தூணுக்கும் நல்லதல்ல.

ஆகவே முதலில் மாகாணத் தலைநகரிலோ மாவட்ட ஊரிலோ வாடகைக்கு ஓராண்டு முழுவதும், புகைக்காலமும் ஏப்ரல் வெயிலும் மழையும் அடங்க, இருந்து பார்க்க வேண்டும். உள்கிராமத்தில் வாடகை வீடு அரிது என்பதும், மாப்பிள்ளை கட்டும் வீடு அந்தக் குடும்பத்துக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை என்பதும் எனக்குத் தெரியும். காலம் தாழ்த்துவது மாமியாருக்கு வருத்தம் தரும். அப்படியானால் கட்டட்டும், ஆனால் மனைவிக்குக் கொடுத்த பரிசு என்று மனமாரச் சொல்லக்கூடிய தொகைக்குள் கட்டட்டும். மிச்சம் வங்கியில் கிடக்கட்டும். விசாவுக்காக வைக்கும் 8 லட்சம் பாட் கணவர் பெயரில் மட்டுமே இருந்தாக வேண்டும். அவர் இறந்தால் அந்தக் கணக்கு முடங்கும், நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமிக்கும்வரை மனைவியால் அதைத் தொட முடியாது. மருத்துவமனைப் பாக்கி அதற்குள் மனைவியின் வாசலுக்கு வந்துவிடும். இந்த ஏற்பாட்டில் ஆபத்து வெளிநாட்டவருக்கு மட்டும் என்று எழுதுபவர்கள் இந்தப் பெண்ணை மறந்துவிடுகிறார்கள். தாய்லாந்து மொழியில் உயிலெழுதி, நிர்வாகியாக யாரைக் கோருகிறோம் என்று அதிலேயே குறிப்பிட்டு, அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லி வைப்பது, முதல் லாரி மண் வந்து இறங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை.