சிந்துபாதின் நடையும் ஒரு சிறுவனின் ருகூஉவும்

அரபு எழுத்தின் மேலும் கீழும் இடப்படும் குறிகளை ஹரகத் என்கிறோம். அச்சொல்லுக்கு அசைவு என்பதே பொருள். ஹரகத் இல்லாத எழுத்தின் மேல் இடப்படும் குறி ஸுகூன். அசைவின்மை, அமைதி என்பது அதன் பொருள். நம் தமிழிலக்கணிகளோ எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் வகுத்தார்கள். ஒரு மொழி அசைவு என்று கண்டதை இன்னொரு மொழி உயிர் என்று கண்டிருக்கிறது. அசைவும் உயிரும் ஒன்றுதானா என்னும் கேள்வி, இவ்விரண்டையும் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வரும் எனக்கு ஏட்டளவிலேயே இருந்து வந்தது. அதை ஏட்டிலிருந்து இறக்கி என் முன்னே வைத்தவை இரண்டு திரைப்படங்கள். மதரஸா உஸ்தாதுக்குத் திரைப்படத்தில் என்ன வேலை என்று கேட்போர் கேட்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பார்ப்பதை நாம் பாராமலேயே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

முதலாவது, சென்னையைச் சேர்ந்த பென்டஃபோர் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த 'சின்பாத்: பியாண்ட் தி வெய்ல் ஆஃப் மிஸ்ட்ஸ்' என்னும் ஆங்கிலப் படம். நடிகரின் அசைவைக் கருவிகளால் பதிவு செய்து, அதைக் கணினிப் பொம்மைக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் முறையிலேயே முழுநீளமும் எடுக்கப்பட்ட முதற்படம் என்று அதைச் சொல்வர். இரண்டாவது, அதே முறையில் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 23.5.2014 அன்று வெளிவந்த 'கோச்சடையான்'. நம் தேனி மாவட்டத்து வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவின் பாடல்களும் அதில் உண்டு.

முறையைச் சற்று விளக்கினால்தான் விமர்சனம் விளங்கும். உடலோடு ஒட்டிய கறுப்பு உடை அணிந்த நடிகரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் ஒளியைத் திருப்பியடிக்கும் சிறு உருண்டைகளை ஒட்டுகிறார்கள். கூடத்தைச் சுற்றிலும் கேமராக்கள் நிற்கின்றன. அவை முகத்தையோ உடையையோ பார்ப்பதில்லை. ஒளிப்புள்ளிகளை மட்டுமே பார்க்கின்றன. ஒரே புள்ளியை இரண்டு மூன்று கேமராக்கள் வெவ்வேறு கோணத்தில் கண்டால் அது எங்கே நிற்கிறது என்பதைக் கணினி கணக்கிட்டு விடும். இவ்வாறு ஒரு நொடிக்கு நூறு தடவைக்கும் மேலாகக் கணக்கிட்டு, புள்ளிகளை எலும்புக்கூடாக இணைத்து, அந்த எலும்புக்கூட்டின் மேல் வேண்டிய உருவத்தைப் போர்த்துகிறார்கள். இதன் வித்து பழையது. பிரெஞ்சு உடலியலறிஞர் மாரே 1880களிலேயே ஒருவருக்குக் கறுப்பு உடை உடுத்தி, கை கால்களில் வெண்கோடு இட்டு நடக்கவிட்டுப் படம் பிடித்திருக்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது, பதிவாவது இடம் மட்டுமே என்பது. பாரம் பதிவாவதில்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை அறுக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். பந்தலின் கீழ் நின்று கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, வலக்கையால் காம்பைக் கத்தரிக்கும் அதே நேரத்தில் இடக்கையால் கொத்தைத் தாங்குகிறாள். பழத்தின் மேல் படிந்திருக்கும் சாம்பல் போன்ற மெல்லிய பூச்சு அழியக் கூடாதே என்று அந்தக் கை நோகாமல் தாங்குகிறது. காம்பு விடுபட்டவுடன் கொத்தின் கனம் கைக்கு வர, மணிக்கட்டு ஒரு நூலளவு இறங்கி மீள்கிறது. கருவி அந்த இறக்கத்தைப் பதிந்து கொள்ளும், மெய்தான். ஆனால் வெறுங்கூடத்தில், கொத்தே இல்லாமல், இருப்பதாகப் பாவித்துக் கை நீட்டும் ஒருவரிடம் அந்த இறக்கம் எங்கிருந்து வரும்?

சின்பாத் படத்தின் முதற்குறை இதுதான். நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், வாள் வீசுகிறார்கள். ஒருவரது பாதமும் தரையை அழுத்தவில்லை. முகங்கள் மெழுகு பூசியவை போல் இருக்கின்றன. முதன்முயற்சி என்பதால் இதைப் பொறுத்துக் கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. ஆயிரத்தோரிரவில் வரும் சிந்துபாது பக்தாதின் வணிகன். அவன் வீட்டு வாசலில் சுமையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கும் சுமைகூலியின் பெயரும் சிந்துபாதுதான். செல்வன் ஏழையை உள்ளே அழைத்து, உணவளித்து, பொற்காசுகள் தந்து, தன் ஏழு பயணங்களையும் அவனுக்குச் சொல்கிறான். ஒரே பெயர் கொண்ட இருவரில் ஒருவனுக்குச் செல்வமும் மற்றவனுக்குச் சுமையும் ஏன் வாய்த்தன என்பதே அக்கதையின் முதுகெலும்பு. 'கன்னித்தீவு' வழியே சிந்துபாதை அறிந்த நம்மில் பலருக்கும் இது தெரியாது. படத்திலோ மையக் கதை வேறு: ஓர் அரசனின் உடலை மந்திரவாதி ஒருவன் தன் உடலுக்கு மாற்றாகப் பறித்துக் கொள்கிறான், இளவரசி சிந்துபாதின் உதவியை நாடுகிறாள். அரசனின் பெயர் அக்ரான், இளவரசியின் பெயர் செரீனா. அரபுப் பெயர் யாருக்குத்தான் கிடைத்தது என்று தேடினால், அந்தக் கொடிய மந்திரவாதியின் பெயர் பரக்கா! பரக்கத் என்று நாம் ஒவ்வொரு விருந்திலும் துஆவிலும் வேண்டுகிற சொல் அது. அரபு தெரிந்த ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இலட்சக்கணக்கான புள்ளிகளைப் பிழையின்றிக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு ஒரு சொல்லின் பொருளைக் கேட்கத் தோன்றவில்லை.

பாரம் தூக்கும் மனிதனைக் கதையின் ஓரத்துக்குத் தள்ளிய படத்தில் பாரமே இல்லாமற் போனது தற்செயல்தான். ஆயினும் எனக்கு உறுத்துகிறது.

கோச்சடையானுக்கு வருவோம். பதினான்கு ஆண்டு இடைவெளியில் கருவி வளர்ந்திருந்தது. உலகில் வேறிடங்களில் அதன் வெற்றியும் தெரிந்திருந்தது; 2002இல் ஆண்டி செர்கிஸ் நடித்த கொல்லம் என்னும் பாத்திரமும், 2009இல் வந்த 'அவதார்' படமும் சான்று. அங்கெல்லாம் பதிவான அசைவை ஓவியர்கள் பின்னர் சட்டம் சட்டமாகத் திருத்தியிருக்கிறார்கள். அதற்குக் காலமும் வேண்டும், பொருளும் வேண்டும். நம்மவர் படத்தில் இரண்டின் குறைவும் தெரிகிறது. போர்க்களமும் அரண்மனையும் கண்ணை நிறைக்க, கண்கள் மட்டும் எவரையும் பார்க்காமல் இருக்கின்றன. உருவம் மனிதனை நெருங்க நெருங்க நமக்கு முதலில் விருப்பம் கூடி, மிக நெருங்கியதும் அருவருப்பு எழுகிறது என்று ஜப்பானிய அறிஞர் மாசாஹிரோ மோரி 1970இலேயே எழுதினார். கார்ட்டூன் எலியை இரசிக்கும் குழந்தை இந்த வீரரைக் கண்டு தயங்குவது அதனாற்றான்.

அப்படத்தில் நாகேஷும் வருகிறார். அவர் மறைந்தது 2009 சனவரியில். இன்னொருவர் நடித்துத் தந்த அசைவின் மேல் அவருடைய முகத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். அன்பினால் செய்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் தமிழ்த் திரையில் முகத்தைக் கடன் கொடுக்கலாம், உடலைக் கடன் கொடுக்க முடியாது என்று ஒருவரைச் சொன்னால் அவர் நாகேஷ்தான். 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) பாலையாவுக்குக் கதை சொல்லும்போது அந்த ஒல்லி உடல் முழுவதும் கதை சொல்கிறது. 'திருவிளையாடல்' (1965) தருமியின் புலம்பலில் ஆசை ஓரடி முன்வைக்க அச்சம் ஈரடி பின்வைக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று தனியோர் இயலே வகுத்தது இதற்காகத்தான்: உள்ளத்தில் எழுந்தது உடலில் புலப்பட வேண்டும். வேறொருவர் உள்ளத்தில் எழுந்தது நாகேஷின் முகத்தில் புலப்படுமாயின், அதற்கு மெய்ப்பாடு என்று பெயரில்லை. மேலும், மய்யித்தின் சம்மதத்தை யாரும் கேட்க முடியாது. அரசனின் உடலை மந்திரவாதி எடுத்துக் கொண்ட கதையை எடுத்தவர்கள் அதைத் தீமை என்றே காட்டினார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கிறேன்.

உருவம் சமைத்தல் கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை இங்கே எடுக்கவில்லை. அதற்கு வேறு பக்கங்கள் உள்ளன. ஆயினும் நம் முன்னோர் அசைவைப் பற்றிச் சிந்தியாதவர் அல்லர். சிந்துபாது கப்பலேறிய பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிழ், தம் 'அல்பயான் வத்தப்யீன்' நூலில் கருத்தைப் புலப்படுத்தும் வழிகளை ஐந்தாக எண்ணினார். சொல்லுக்கு அடுத்து அவர் வைத்தது இஷாரா, அதாவது சைகை. கையும் கண்ணும் புருவமும் தலையும் சொல்லின் கூட்டாளிகள் என்பது அவர் கொள்கை. ஐந்தாவதாக அவர் எண்ணியது நிலை. பேசாமலும் அசையாமலும் இருக்கும் பொருள்கூடத் தன் இருப்பால் உணர்த்துகிறது என்றார். புள்ளிகளைப் பின்தொடரும் கருவிக்கு இந்த ஐந்தாவது எட்டாது. அசையாத புள்ளி அதற்கு வெறும் மாறாத எண்.

இதனை நான் நூலிலிருந்து மட்டும் சொல்லவில்லை. தொழுகை முறையைக் கற்பிக்கும் கணினி அசைவுப் படங்கள் இப்போது கைப்பேசிகளில் நிறைய வருகின்றன. நம் மக்தபில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் புதிதாக வந்து சேர்ந்தான். ருகூஉவில் அவன் முதுகு பலகை வைத்தாற்போல் சமமாக இருந்தது. அவ்வளவு அழகாக யாரும் கற்றுத் தந்திருக்க முடியாது. ஆனால் குனிந்த கணமே நிமிர்ந்து விட்டான். கேட்டதற்கு, "போன்ல இப்படித்தான் அஸ்ரத் செய்யிது" என்றான். வாங்கிப் பார்த்தேன். கோணங்கள் எல்லாம் சரி. நின்று நிலைப்பது மட்டும் இல்லை. தஸ்பீஹை ஒரு தடவை சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பொம்மை எழுந்து விடுகிறது.

ஒவ்வொரு நிலையிலும் உறுப்புகள் அடங்கி அமைதி பெறுவதை துமஃனீனத் என்போம். ஷாஃபிஈ மத்ஹபில் அது ருக்னு. நம் பக்கத்து ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் வாஜிபு. பள்ளியில் ஒருவர் விரைந்து தொழுது முடித்து வந்தபோது, திரும்பிப் போய்த் தொழும்படி நபிகள் நாயகம் (ஸல்) மூன்று முறை அனுப்பிய செய்தி ஹதீஸ் படித்தவர் எல்லோரும் அறிந்தது.

அந்தச் சிறுவனைக் குனிந்தபடியே நிற்கச் சொல்லி, தஸ்பீஹை மூன்று தடவை நிதானமாகச் சொல்ல வைத்தேன். மூன்றாவதில் அவன் முழங்கால் இலேசாக நடுங்கியது. மறுநாள் பழையபடி விரைந்து எழுந்தான். மறுபடியும் செய்யச் சொன்னேன்.