பளபளப்பைப் பார்க்காதீர்கள், மூலையைப் பாருங்கள்

பழைய மரக் கேமராவைப் புதுப்பித்து வைத்திருப்பதைக் காட்டினால், "நல்லா பாலிஷ் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பார்க்கத் தெரிந்தால் அரை நாள் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். முன்னால் லென்ஸ், பின்னால் படம் தலைகீழாக விழும் தேய்த்த கண்ணாடி, நடுவில் துருத்தி. நாலுக்கு ஐந்து அங்குலமோ எட்டுக்குப் பத்தோ, ஒரு படத்துக்கு ஒரு ஃபிலிம் தாள். சிகாகோவில் செய்த டியர்டார்ஃப் என்றால் மஹோகனி மரம். 1940களில் ஆலப்புழையில் செய்யத் தொடங்கி நம் ஸ்டூடியோக்களுக்கு வந்த வாகீஸ்வரி என்றால் தேக்கு. இவ்வளவு போதும்.

இனி முக்கியமான விஷயம். புதுப்பித்த கேமராவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பூச்சு பழையதோடு சேர்ந்திருக்கிறதா, அதை மூடியிருக்கிறதா?

பழைய மரக் கேமராக்கள் பலவற்றின் மேல் இருப்பது அரக்கு. நம் தச்சர்கள் பிரெஞ்ச் பாலிஷ் என்பார்கள். ஜார்க்கண்ட் பக்கத்து மரங்களில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சால் மெல்லிய படலமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். எத்தனையோ வருஷம் கழித்தும் அரக்கு ஸ்பிரிட்டுக்கு இளகும். புதிதாகப் பூசும் அரக்கு பழையதை இளக்கி, அதனோடு ஒன்றாகிவிடும். கீறல் மறையும், வயது போகாது.

பாலியூரித்தேன் அப்படியல்ல. காய்ந்துவிட்டால் எதனோடும் கலக்காது, தனித் தோலாக மேலே நிற்கும். அதைப் பூசுவதற்காகப் பழைய பூச்சை உப்புத்தாளால் சுரண்டி எடுப்பார்கள். பூச்சோடு மரமும் போகும். அதனால்தான் மூலையைப் பார்க்கச் சொல்கிறேன். விளிம்பு உருண்டிருக்கிறதா? மரத்தோடு மட்டமாகப் பதித்த பித்தளை இப்போது மேலே தூக்கி நிற்கிறதா? உப்புத்தாள் வரம்பு மீறியிருக்கிறது. திருகைச் சுற்றி வார்னிஷ் தேங்கியிருந்தால், பித்தளையைக் கழற்றக்கூடப் பொறுமை இருக்கவில்லை என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால், உடையவரைக் கேட்டுக்கொண்டு, கண்ணில் படாத இடத்தில் பஞ்சால் ஒரு துளி ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு.

உலோகத்துக்கும் இதே கேள்விதான். டியர்டார்ஃபின் பித்தளைப் பாகங்களுக்கு நிக்கல் முலாம் உண்டு. அதை மஞ்சள் தெரியும்வரை தேய்த்துவிட்டு 'பழமையின் பொலிவு' என்று விற்பது அறியாமை. இதைவிடக் கொடுமை ஸ்பீட் கிராஃபிக்குக்கு நடக்கிறது. 1912 முதல் 1973 வரை வெளிவந்த, பத்திரிகைக்காரர்களின் கேமரா அது. 1945-இல் இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி ஏற்றியதை ஜோ ரோசன்தால் எடுத்தது அதில்தான். மஹோகனி உடலைக் கறுப்புத் தோல் மூடியிருக்கும். இன்றைய மோஸ்தர், அந்தத் தோலை உரித்து மரத்தைப் பளபளக்க வைப்பது. அலங்காரப் பத்திரிகைகள் அதை 'மீட்டெடுப்பு' என்று கொண்டாடுகின்றன. வெளியே தெரிவதற்காகச் செய்த மரமே இல்லை அது! மழையிலும் கூட்டத்திலும் அடிபட்ட தோலைக் குப்பையில் போட்டுவிட்டு எதை மீட்டார்கள்?

உள்ளே பார்க்க மறக்காதீர்கள். உட்புறம் பளபளப்பே இல்லாத கறுப்பாக இருக்க வேண்டும். மினுங்கும் பெயின்ட் அடித்தால் வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே சிதறிப் படத்தை வெளிற வைக்கும். இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஊசித்துளை இருந்தால் புள்ளியாகத் தெரியும். இந்த இரண்டையும் கவனிக்காதவர் செய்தது கேமரா வேலை அல்ல, மேசை வேலை.

உங்களை நம்பி ஒன்று சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தவை, புதுப்பித்திருப்பது உடனே தெரியாத கேமராக்கள். கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடத்தை அப்படியே விட்டு, அதன் மேல் மெல்லிய அரக்கு மட்டும் ஏற்றியிருப்பார்கள். வேலை தெரிந்தவர் எங்கே நிறுத்தினார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இதில் பெரிய சுகம். உங்கள் ஊர்ப் பழைய ஸ்டூடியோவில் ஒரு வாகீஸ்வரி மூலையில் நின்றால் போய்ப் பாருங்கள். அதற்குப் பாலிஷ் போடும் எண்ணம் உரிமையாளருக்கு இருந்தால், உப்புத்தாளைத் தொடும் முன் ஒரு துளி ஸ்பிரிட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.