தென்காசிக்கு எத்தனை மணிக்கு ராகுகாலம்?

திங்கட்கிழமை என்றால் ஏழரை முதல் ஒன்பது. நாள்காட்டித் தாளைப் பார்க்காமலே தென்காசியில் யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் பஞ்சாங்கத்தின் விதி ஏழரை என்று எந்த மணியையும் குறிக்கவில்லை. உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டுப் பங்காக்கு, திங்களன்று இரண்டாம் பங்கை விலக்கு என்பதே விதி. ஆறுக்கு உதயம், ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டால்தான் ஏழரை வரும்.

தென்காசி ஏறத்தாழ 77.3 பாகை கிழக்கில் இருக்கிறது. 1906இல் வந்த இந்திய நேரமோ 82.5 பாகைக்கு உரியது. பாகைக்கு 4 நிமிடம் என்றால், இந்த ஊரின் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 21 நிமிடம் பிந்தியே வருகிறான். மே கடைசியில்தான் உதயம் ஆறு மணியை ஒட்டுகிறது. முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கும் தை மாதப் பிற்பகுதியில் அது 6.42 வாக்கில் நிகழ்கிறது. பகல் 11 மணி 44 நிமிடம். எட்டில் ஒரு பங்கு 88 நிமிடம். ஆக, திங்கள் ராகுகாலம் 8.10 முதல் 9.38 வரை. ஒன்பது அடிக்கட்டும் என்று காத்திருந்து 9.10க்குத் தாலி கட்டுகிறவர், விதிப்படி ராகுகாலத்துக்குள்தான் கட்டுகிறார். 7.40 என்ற நல்ல நேரத்தை வீணாக்கியும் விட்டார்.

‘பெரியவர்கள் வழக்கமே பிரமாணம்’ என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். அப்படியானால் இது வழக்கம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கிரக கணிதம் என்று பெருமை பேசக்கூடாது. பழைய முறை உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது. அந்தந்த ஊரின் சூரியனே அந்தந்த ஊருக்கு அளவு. இன்றும் உதயாதி நாழிகை பார்த்து லக்னம் குறிக்கும் ஜோதிடர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் இந்தக் குற்றம் சாராது. குறை, அச்சிட்ட தாளிலும் அதை நம்பும் அவசரத்திலும் இருக்கிறது.

இனி கணக்கின் தரம். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. பஞ்சாங்கங்களில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு மரபுகள் உண்டு. வாக்கிய மரபில் அது 54 நாழிகைக்குக் குறையாது, 65 நாழிகைக்கு மேல் போகாது. வானத்தில் அது 50 வரை இறங்குகிறது, 66ஐத் தாண்டியும் ஏறுகிறது. சந்திர ஓட்டத்தின் முதன்மையான ஏற்ற இறக்கத்தை மட்டும் வாக்கியம் கணக்கில் கொண்டது. மற்றவற்றைத் திருக்கணிதம் சேர்த்துக்கொண்டது. கிரகணங்களோடு ஒப்பிட்டுத் திருத்திய கணக்கு என்பதால், வாக்கியத்தின் பிழை அமாவாசை, பௌர்ணமியில் குறைவு. அஷ்டமியை ஒட்டி மிகுதி. சனியிடம் பிழை இன்னும் பெரிது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் மீனத்துக்குப் போன சனி, திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப்படி 2026 மார்ச் 6இல்தான் போனது. ஒரே கிரகம் இரண்டு ராசிகளில் பதினொரு மாதம் இருக்க முடியாது. வானத்தைக் கேட்டால் திருக்கணிதத்தின் பக்கமே சாட்சி சொல்லும்.

ஆனால் திருக்கணிதமும் முழுமையானதன்று. குற்றாலநாதர் கோயிலில் சித்திரை விசுவும் ஐப்பசி விசுவும் திருவிழாக்கள். இரவும் பகலும் சமமாகும் நாட்களுக்குரியவை அவை. இன்று அந்தச் சமநாட்கள் மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் வருகின்றன. விழாக்களோ மூன்று வாரத்துக்கு மேல் தள்ளி நடக்கின்றன. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நிரயணக் கணக்கின் ஆண்டு பருவ ஆண்டைவிட 20 நிமிடம் நீளம் என்பதால் வந்த விலகல் இது. எம்.என். சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு இதைச் சுட்டிக்காட்டியது. 1957இல் தேசிய நாள்காட்டியும் வந்தது. கோயில்கள் அசையவில்லை.

அதனால் என்ன கெட்டது? ஒன்றும் கெடவில்லை. பஞ்சாங்கத்தின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது. ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுக்கக் கூடும் கூட்டத்துக்கு யாரும் அழைப்பு அனுப்புவதில்லை. ஆரியங்காவுக் கணவாய்க்கு மேற்கே, கேரளத்தில், ஆண்டு ஆவணியில் பிறக்கிறது, கிழக்கே சித்திரையில். 1956 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று மேற்குப் பக்கத்து ஆட்சியில் இருந்த செங்கோட்டை இரண்டையும் அறிந்த ஊர். ஊர் கூடி ஒப்புக்கொண்ட நாளே நாள்.

அந்த ஒப்பந்தத்துக்கு விலையும் உண்டு. முகூர்த்த நாளில் சங்கரன்கோவில் சந்தையில் மல்லிகை எகிறுகிறது, மண்டபம் கிடைப்பதில்லை, பதிவுத்துறை கூடுதல் டோக்கன் தருகிறது. நல்ல நேரத்தின் விளைவு என்று கண்ணால் காணக்கூடியது இவ்வளவுதான். இதையும் மனிதர்கள்தான் உண்டாக்குகிறார்கள். ஒரே முகூர்த்தத்தில் ஆயிரக்கணக்கான தாலிகள் ஏறுகின்றன. குடும்பங்கள் ஆயிரம் விதமாகப் போகின்றன. நேரம்தான் வாழவைத்தது என்பவரே அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். இதுவரை யாரும் காட்டவில்லை.

எனவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. நாளைக் குறிக்கும் பஞ்சாங்கம் தேறுகிறது, வைத்துக்கொள்ளலாம். நிமிடத்தைக் குறிக்கும் பஞ்சாங்கம் தன் சொந்த விதியிலேயே தோற்கிறது. நிமிடமும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர், தென்காசியின் உதயத்தையும் அஸ்தமனத்தையும் எடுத்துக்கொண்டு பகலை எட்டால் வகுக்கட்டும். அந்தச் சிரமமும் படாமல் ஏழரையை நம்புவது வானியலும் ஆகாது, சாஸ்திரமும் ஆகாது.