வெண்டைக் கொழுந்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்குக் காய் அனுப்பும் வெண்டைத் தோட்டம் ஒன்றுக்கு, வெயில் ஏறுமுன் போங்கள். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு வரப்பில் இறங்குங்கள். காயை விடுங்கள், கொழுந்தைப் பாருங்கள். நரம்பு மஞ்சளாக ஓடிய இலை ஒன்று கண்ணில் பட்டால், பறிக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே நிமிர்த்திப் பிடியுங்கள்.

இலை முழுக்க மஞ்சள் வலை, வலைக்கண்களில் பச்சைத் திட்டுகள். இதுதான் மஞ்சள் நரம்புத் தேமல். விதைத்தவர் வயிற்றில் அடிக்கிற வைரஸ் நோய் இது. இளம்பயிரில் விழுந்தால் காய் வெளிறிச் சிறுத்து நாராகிவிடும், மண்டியில் விலை போகாது. அந்த வலியை மறக்காமல்தான் ரசிக்கச் சொல்கிறேன்.

ஏன் நரம்பு? வெள்ளை ஈ இலையின் அடியில் உட்கார்ந்து ஊசி வாயை இறக்குவது, செடி தன் சர்க்கரைச் சாற்றை அனுப்பும் குழாய்க்குள். எச்சிலோடு வைரஸும் அங்கேதான் இறங்குகிறது, அந்தக் குழாய் வழியேதான் கொழுந்துக்கு ஏறுகிறது. நீங்கள் பார்க்கும் மஞ்சள் அது போன தடம்.

நமக்கு வரும் ஃப்ளூவோடு வைத்துப் பாருங்கள். அது நம் சுவாசக்குழாய்ச் செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றி நுழைகிறது, தன் எட்டுத் துண்டு ஆர்என்ஏவை உட்கருவில் படியெடுக்கிறது, கிளம்பும்போது அதே பிடியை நியூராமினிடேஸ் நொதியால் அறுத்துக்கொள்கிறது. பிறகு ஓர் இருமல் போதும். வெண்டை இருமாது. அதன் செல்லுக்குத் தடித்த சுவர் வேறு. சுவரைத் துளைக்க ஈயின் ஊசி, ஊர் மாற ஈயின் சிறகு என்று இந்த வைரஸ் வழி கண்டுகொண்டது. அதனிடம் இருப்பது சுமார் 2,700 எழுத்து நீளமுள்ள ஒரு வட்ட டிஎன்ஏ. செடியின் உட்கருவுக்குள் போய், செடியின் நொதிகளைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி நம் பக்கத்து மதுரையில் தெரியவந்தது. காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் ஜோஸும் ஆர். உஷாவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அது. வைரஸ் டிஎன்ஏவை மட்டும் வெண்டைக்குள் செலுத்தினால் இந்த மஞ்சள் வலை விழவில்லை. கூடவே திரியும், அதில் பாதி நீளமே உள்ள இன்னொரு வட்ட டிஎன்ஏவையும் சேர்த்த பிறகே விழுந்தது. அந்தச் சின்னதற்குத் தனியாகப் பெருகத் தெரியாது. பெரியதற்கோ, அது இல்லாமல் செடியின் காவலை முழுதாக அடக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்ட பின் ஒரு மஞ்சள் நரம்பில் இரண்டு பேரின் கைவேலை தெரிகிறது.

இப்போது இலையை உலுக்காமல் மெல்லத் திருப்புங்கள். காலைக் குளிரில் ஈக்கள் மந்தமாக ஒட்டியிருக்கும், மாவு தூவியதுபோல. வைரஸைக் குடித்த ஈ அதைக் குடலிலிருந்து எச்சில் சுரப்பிக்குக் கடத்திப் பல நாள் சுமக்கும். தோட்டக்காரர் அந்தச் செடியை இன்றே பிடுங்கி அழிக்கப்போகிறாரா என்று கேளுங்கள். பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்து, பக்கத்து வரிசையின் கொழுந்துகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.