வன்னி வகுப்பறையும் நமது கல்வி விமர்சனமும்

ஈழத்துத் தமிழரின் கல்வி பற்றிய விமர்சனம் பெரும்பாலும் பல்கலைக்கழக வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவரிடம் 227 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவரிடம் 250 புள்ளிகளும் வேண்டப்பட்டமை இன அநீதி என்பதில் ஐயமில்லை. எனினும், அவ்வாயிலை அணுகுமுன்பே வகுப்பறையில் நிகழும் தெரிவினை நாம் ஆராய்ந்தோமா என்பதே ஈண்டு வினா.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு புகுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்தின் இழப்பே பேசப்பட்டது. கிளிநொச்சியோ 1984இலேயே தனி மாவட்டமாயிற்று. அதுவரை அதன் மாணவர், யாழ்ப்பாணத்துப் பெருங்கல்லூரி மாணவரோடு ஒரே மாவட்டத்தவராகவே கணிக்கப்பட்டனர். ‘தமிழ் மாணவன்’ என்ற பொதுப்பெயர் இவ்வேற்றுமையை மறைத்தது.

அப்பெயர் மறைத்தவை வேறும் உள. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மலையகத் தமிழருட் பலர், 1958, 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களின் பின் வன்னியிற் குடியேறினர். அவர்தம் பிள்ளைகளின் பேச்சு வழக்கைப் ‘பிழை’ எனத் திருத்தும் ஆசிரியர், மொழியைத் திருத்துவதாகவே எண்ணுகின்றார். பிள்ளையோ வாய் திறவாதிருக்கக் கற்றுக்கொள்கின்றது. பேசாத பிள்ளை பின்னர் ‘மந்தமானது’ என மதிப்பிடப்படுகின்றது.

பெண்பிள்ளையின் நிலையும் இத்தகையதே. இன்று இலங்கையில் ஆசிரியருட் பெரும்பான்மையினர் பெண்கள். பல்கலைக்கழகம் புகுவோரிலும் அவர்களே மிகுதி. ஆயினும் பொறியியலில் அவர்கள் சிறுபான்மையினர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே அமைந்துள்ளது. ஆனால், உயர்தரக் கணிதப் பிரிவு இல்லாத கிராமப் பாடசாலையிற் கற்கும் பெண்ணுக்கு அது அண்மையில் உள்ளதன்று. தூரத்துப் பாடசாலைக்கு மகனை அனுப்பும் குடும்பம் மகளை அனுப்பத் தயங்குகின்றது. ‘உனக்குக் கலைப்பிரிவு போதும்’ என்னும் ஆசிரியரின் அறிவுரை அத்தயக்கத்துக்கு நியாயம் கற்பிக்கின்றது. அவ்வாசிரியரும் பெண்ணாக இருத்தல் கூடும். எனவே எண்ணிக்கைப் பெரும்பான்மை மட்டும் மனப்பாங்கை மாற்றிவிடாது.

இத்தகைய உள்வேற்றுமைகளைப் பேசுதல் இன உரிமைக் குரலை நலிவிக்கும் என்பாருளர். அவ்வாதம் பொருந்தாது. பிறப்பால் வந்த அடையாளத்தைக் கொண்டு ஒருவரின் ஆற்றலை முன்கூட்டியே வரையறுப்பது தவறு என்பதே தரப்படுத்தலுக்கு எதிரான நமது அறநியாயம். அந்நியாயத்தைக் கொழும்பை நோக்கி மட்டும் உரைத்து, நமது கரும்பலகையின் முன் கைவிடுவோமாயின் அது அறமாகாது, தன்னலமேயாகும்.

நாளை ஆசிரியராகச் செல்லவிருக்கும் பல்கலைக்கழக மாணவர், தம் வகுப்பில் எவரிடம் வினாத் தொடுக்கின்றோம், எவரின் விடைக்காகக் காத்திருக்கின்றோம் என்பதை நாள்தோறும் கணக்கிடுவாராக. நமது கல்வி விமர்சனம் தொடங்கவேண்டிய இடம் அதுவே.