கட்டிய மோட்டார் சைக்கிள் ஏன் சாய்கிறது?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலை, உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த ரெட்டியார்பாளையம், மூலக்குளம் ஆகிய பகுதிகளின் வழியே செல்கிறது. அங்குச் சற்று நேரம் நின்று பாருங்கள். ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டியில் ஒரு கனத்த மோட்டார் சைக்கிள் ஏறிப் போகக் காணலாம். சைடு ஸ்டாண்டில் இடப்புறம் சாய்ந்து நிற்கும். ஹேண்டில் பூட்டப்பட்டு, முன் சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். இருக்கையின் மேல் ஒரு நைலான் கயிறு குறுக்கே ஓடும். “ஒரு டன் தாங்கும் கயிறு ஐயா, கவலைப்படாதீர்கள்” என்பார் ஓட்டுநர்.

அவர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது வேறு கேள்விக்கு விடை. கயிறு அறுந்துதான் வண்டி விழ வேண்டும் என்பதில்லை. கயிறு தளர்ந்தாலே போதும்.

முதலில் எடையைப் பார்ப்போம். 2023-இல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650 என்னும் நெடும்பயண வண்டியின் எடை 241 கிலோகிராம். சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பிய விதி, திடீரென பிரேக் போடும்போது சரக்கின் எடையில் 0.8 பங்கு முன்னோக்கியும், வளைவுகளில் 0.5 பங்கு பக்கவாட்டிலும் தள்ளும் எனக் கணக்கிட்டுக் கட்டச் சொல்கிறது. நம் வண்டிக்கு இது முன்னோக்கி 193 கிலோ எடைக்கும், பக்கவாட்டில் 120 கிலோ எடைக்கும் சமமான விசையாகும். இருக்கையின் மேல் குறுக்கே போட்ட கயிறு முன்னோக்கிய விசையை எதைக் கொண்டு தடுக்கும்? டயருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றுதான் துணை. தகட்டில் மணலோ எண்ணெயோ இருந்தால் அதுவும் இல்லை.

மோட்டார் சைக்கிள் பீரோவைப் போன்ற பொருளன்று. சுருள்வில்லின் மேல் நிற்கும் பொருள். வேகத்தடையில் சக்கரங்கள் ஏறி இறங்கும்போது வில் அமுங்குகிறது, ஹேண்டில்பார் தாழ்கிறது. அக்கணத்தில் கயிறு தொய்கிறது. கொக்கி கழன்று விழ அந்த ஒரு கணமே போதும்.

இதைத் தடுக்கும் வழி, வில்லை முன்கூட்டியே அமுக்கிக் கட்டுவதாகும். வண்டியின் முன்பாதி 100 கிலோ எடையுள்ளது என்றும், பட்டைகள் அதை மேலும் 100 கிலோ விசையுடன் கீழே அழுத்துகின்றன என்றும் கொள்ளுங்கள். பள்ளத்தில் விழும் அதிர்ச்சி முதலில் பட்டையின் இறுக்கத்தையே குறைக்கும். முன்பாதி இரு மடங்கு கனத்ததுபோல் அமுங்கும் வரை பட்டை தொய்யாது. ஆனால் நைலான் நன்றாக நீளும் பொருள். நனைந்தால் வலிமையும் சற்றுக் குறையும். பாலியெஸ்டர் பட்டை அவ்வளவு நீளாது. ‘ராட்செட் பெல்ட்’ என்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்.

எங்கே கட்டுவது? ஹேண்டில்பாரின் நுனியில் அன்று. அதற்குக் கீழே ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் இணைக்கும் தடித்த தாங்கியில் கட்ட வேண்டும். அங்கிருந்து இரு பட்டைகள் முன்னோக்கியும் வெளிநோக்கியும் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும். செங்குத்தாக இறங்கினால் பக்கவாட்டில் பிடிப்பு இராது. படுத்துக் கிடந்தால் வில் அமுங்காது. முன் சக்கரம் நேராக நின்று முன் பலகையில் முட்டியிருக்க வேண்டும். பின்புறப் பட்டைகளின் வேலை வால் விலகாமல் காப்பது மட்டுமே.

இங்கே உரிமையாளரையும் குறைகூற வேண்டியிருக்கிறது. திருட்டுக்கு அஞ்சி ஹேண்டிலைப் பூட்டிவிட்டுச் சாவியுடன் போய்விடுகிறார். சக்கரம் நேராக நிற்க வழியே இல்லை. சைடு ஸ்டாண்டோ இன்னும் மோசம். கயிற்றின் அழுத்தமும் குலுக்கலும் சேர்ந்து அந்த ஒற்றைக் காலில் இறங்கி, அது பற்றியுள்ள இரும்பையே வளைக்கக்கூடும்.

குட்டி யானையின் தளம் சுமார் ஏழேகால் அடி நீளந்தான். மேற்சொன்ன வண்டியோ ஏழரை அடியை நெருங்குகிறது. ஆகவே குறுக்குச் சாய்வாக நிறுத்துகிறார்கள், அல்லது பின் கதவைத் திறந்தே விடுகிறார்கள். திறந்த கதவின் பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் பள்ளிக்குச் செல்லும் உங்கள் தம்பியாகவும் இருக்கலாம். இத்தகைய வண்டிக்கு எட்டடித் தளமுள்ள பிக்கப்பை வாடகைக்குப் பேசுங்கள். மேலைநாடுகளில் இதற்கென்றே டிரெய்லர்கள் உள்ளன. முன் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கவையும் அவற்றில் உண்டு. நம் ஊரில் அவை அரிது.

லாரி கிளீனர்கள் தார்ப்பாய்க்குப் போடும் இழுப்பு முடிச்சை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கணக்குப்படி அது கையின் விசையை மூன்று மடங்காக்கும். உராய்வு அதில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஆனால் அதே உராய்வுதான் முடிச்சை நழுவாமலும் வைக்கிறது. பட்டை கிடைக்காதபோது அந்த முடிச்சு நல்லதே. எதனால் கட்டினாலும், வில்லியனூரில் ஒரு முறை நிறுத்தி இறுக்கத்தைச் சோதியுங்கள். கட்டு புதிதில்தான் அதிகம் தளரும்.

ராட்செட் கைக்கு வந்ததும் வில் அடிமட்டம் தொடும் வரை இறுக்குவோரும் உண்டு. அதுவும் பிழை. வில்லின் அசைவில் பாதியளவு அமுங்கினால் போதும். மேலும் இறுக்கினால் ஃபோர்க்கின் எண்ணெய் சீல் வீணாகலாம்.

இறக்கும்போதும் அந்த வில் அமுங்கியே இருக்கிறது. முன் பட்டைகள் இரண்டையும் ஒருசேரத் தளர்த்தினால் வண்டி துள்ளி எழும். சைடு ஸ்டாண்டை இறக்கி, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, முதலில் வலப்பக்கப் பட்டையைத் தளர்த்துங்கள். வண்டி இடப்புறம் ஸ்டாண்டின் மேல் அமர்ந்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.