தானே எழும் பொம்மை

விளையாட்டுப் பொருளையும் நூலைப் போல் விமர்சிக்க வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். எழுத்துக் கூட்டப் பழகுமுன் பிள்ளையின் கையில் சேரும் முதல் கதை பொம்மைதான். ஆகவே வேண்டும் என்பதே நம் கருத்து.

வாகனமாக இருந்து இயந்திர மனிதனாக மாறும் பொம்மைகளுள் பெரும்புகழ் பெற்றவை ஜப்பானிய மூலம் உடையவை. தக்காரா நிறுவனம் 1980-இல் ‘டயாக்லோன்’ என்னும் வரிசையைத் தொடங்கிற்று. இயந்திரத்தினுள் அமர்ந்து அதனைச் செலுத்த, காலில் காந்தம் பதித்த ஒரு குட்டி மனிதனும் அவ்வரிசையில் உண்டு. அமெரிக்க ஹாஸ்ப்ரோ நிறுவனம் அவ்வச்சுகளில் பலவற்றைப் பெற்று 1984-இல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என விற்றபோது, குட்டி மனிதனை நீக்கி, இயந்திரத்துக்கே பெயரும் குணமும் வழங்கியது. ஓட்டுநன் போய்விட்டான், பல கார்களில் அவனுடைய இருக்கை மட்டும் வெறுமையாக எஞ்சியது. மனிதனை இறக்கிவிட்டு இயந்திரத்துக்கு உயிர் கொடுத்த அந்த மாற்றம் தனியே ஆராயத்தக்கது.

ஆயினும் அப்பொம்மைகளில் ஒரு நேர்மை இருந்தது. எந்தப் பகுதி கையாகிறது, எது மார்பாகிறது என்பதைப் பிள்ளையே திருப்பியும் மடக்கியும், தவறியும் மீண்டும் முயன்றும் கண்டறிய வேண்டும். உருமாற்றம் என்பது அதன் விரல்களின் உழைப்பு.

1985-இல் வந்த ‘ஜம்ப்ஸ்டார்ட்டர்ஸ்’ இவ்வுழைப்பையே பறித்தது. டாப்ஸ்பின், ட்வின் ட்விஸ்ட் என இரண்டு பொம்மைகள். பின்னுக்கு இழுத்து விட்டால் வண்டி சிறிது தூரம் ஓடி, துள்ளி, மனிதனாக எழுந்து நிற்கும். நிற்கும் என்பது விளம்பரத்தின் வாக்கு. குப்புற விழுவதும் உண்டு! மறு ஆண்டு வந்த ‘பேட்டில்சார்ஜர்ஸ்’ கார்களும் இதே வித்தையையே செய்தன. முதல் துள்ளலில் பிள்ளை கைகொட்டிச் சிரிக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. மடக்கத் தெரியாத மழலைக்கு இது எளிது என்பதும் மெய்யே. ஆனால் பத்தாம் துள்ளலில் சுருள்வில் ஆடுகிறது, பிள்ளை வேடிக்கை பார்க்கிறது.

இத்தகைய வித்தைகள் ஏன் பெருகின? 1984-இல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் குழந்தைகள் தொலைக்காட்சியில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்புகளைத் தளர்த்தியது. பொம்மைக்காகவே கார்ட்டூன் தொடர்கள் எழுந்தன. விரல்கள் மெல்லத் தேடிக் கண்டடையும் இன்பத்தை அரை நிமிட விளம்பரத்தில் காட்டவியலாது, துள்ளலைக் காட்டலாம். பொம்மை பிள்ளையின் கைக்காகவன்றித் திரைக்காகச் செய்யப்பட்டது என்பதே நம் குற்றச்சாட்டு. பெருநாள் காசைச் சேர்த்து வைத்துக் கேட்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு தெரியாது. வாங்கித் தரும் வாப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1988-இல் மனித வடிவக் கூட்டுக்குள் பொம்மையை ஒளித்து ‘பிரிட்டெண்டர்ஸ்’ வந்தது. 1990-இல் வந்த ‘ஆக்ஷன் மாஸ்டர்ஸ்’ வரிசையிலோ உடன் வந்த வாகனங்களும் ஆயுதங்களும் உருமாறின. வீரன் மட்டும் மாறவேயில்லை.